உரம் போடாத பாதி

— பலகையை மாத்தி நட்டீங்களா அக்கா?

— எந்தப் பலகையை?

— இந்த ரெண்டு பலகையைத்தான். 'உரம் போட்டது', 'உரம் போடாதது'. நான் நட்டப்போ எது எந்தப் பக்கம் இருந்துச்சோ, அதே பக்கம்தான் இருக்கா?

— நான் எதுக்கு மேடம் அதைத் தொடப்போறேன்? ஆடு வந்து உரசுதுன்னு சுத்தி முள்ளு வெட்டி வெச்சேன். அதோட சரி.

— அப்போ கிணத்துப் பக்கம் இருக்கிறது உங்க பாதி. நீங்க சோடா பாட்டில் மூடியில அளந்து உரம் போட்டது.

— ஆமா.

— ரோட்டுப் பக்கம் இருக்கிறது உங்க வீட்டுக்கார அண்ணனோட பாதி. ஒண்ணுமே போடாதது.

— ஆமாங்கிறேன். மூணு மாசமா இதைத்தானே வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டிட்டு இருக்கோம்.

— அப்புறம் எப்படிக்கா, ஒண்ணுமே போடாத மக்காச்சோளம் உங்களோடதைவிட ஒரு முழம் ஒசரமா நிக்குது?

— அதைத்தான் நானும் பார்த்துட்டு இருக்கேன்.

— பார்த்துட்டு இருந்தா? எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?

— பண்ணி என்னன்னு சொல்றது? பயிரு வளந்துருச்சுன்னு புகார் குடுக்கவா? கேட்டுக்கங்க மேடம், நான் பட்டுனு ஒண்ணு கேக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க குடுத்த மூட்டையில இருந்தது உரம்தானா?

— என்னக்கா இது!

— சுண்ணாம்பும் வெள்ளைதான். உப்பும் வெள்ளைதான். மூட்டை மேல எழுதியிருக்கிறதை நான் எழுத்துக்கூட்டிப் படிச்சுருவேன். உள்ள இருக்கிறதை நக்கியா பார்க்க முடியும்?

— உங்க கண்ணு முன்னாடிதானே தையலைப் பிரிச்சேன்.

— பிரிச்சது நீங்க. தைச்சது யாருன்னு நான் பார்க்கலையே.

— சரி, சண்டை வேண்டாம். ஒண்ணு ஒண்ணா பார்ப்போம். அஞ்சு வாரத்துக்கு முன்னாடி நான் வந்தேன். நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், கேளுங்க. 'கிணத்துப் பக்கம், இடுப்பளவு, நல்ல பச்சை. ரோட்டுப் பக்கம், முழங்கால் அளவு, அடி இலை மஞ்சள்.' அன்னிக்கு உரம் வேலை செஞ்சுதா, இல்லையா?

— செஞ்சுது.

— சுண்ணாம்பு அந்த வேலை செய்யுமா?

— சரி, உரம்தான். விடுங்க. வாய் தவறிக் கேட்டுட்டேன்.

— முழங்கால் அளவுல மஞ்சளா நின்ன பயிரு அஞ்சே வாரத்துல என் தலைக்கு மேல போயிருக்கு. அது தானா நடக்குமா?

— நடுவுல நல்ல மழை பேஞ்சுதே.

— மழை அண்ணன் பாதியில மட்டும் பேஞ்சுதா?

— நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் மேடம். இந்த வெயில்ல வரப்புல நிக்க வேண்டியவங்களே இல்லை.

— மணி ஒன்பதரை ஆகப் போகுது. பத்துக்கு நாற்பது பேர் வந்துருவாங்க. தீவன மில்லுக்காரரும் வர்றாரு. அவங்க இதைப் பார்த்தா என்ன சொல்வாங்க? 'உரம் போட்டது குட்டை, போடாதது நெட்டை, அப்புறம் எதுக்கு இந்த மூடி மேடத்துக்குப் பின்னாடி போகணும்'னு கேட்டா, நான் என்ன பதில் சொல்றது?

— அதை நீங்க எனக்குச் சொல்லணுமா? வீடு வீடா ஏறி இறங்கினது என் காலு. முப்பது வீடு உரம் வெச்சு விதைக்கிறோம்னு கையெழுத்துப் போடணும். அப்பத்தான் லாரி நிறைய விளையும். லாரி நிறைஞ்சாத்தான் மில்லுக்காரன் இங்கயே வந்து எடை போட்டு எடுப்பான். இல்லைன்னா மறுபடியும் தராசுக்காரர் வாசல்தான்.

— இன்னும் அவரு ஒருத்தர்தானே வாங்கறாரு?

— பதினாறு வருஷமா அவரு ஒருத்தர்தான். அவரு தராசுல பூசணிக்காயைத் தூக்கி வெச்சாலும் எலுமிச்சங்கா எடைதான் காட்டும். கேட்டா, 'உங்க தானியம் அப்படி, உள்ள பஞ்சுதான் இருக்கு'ம்பாரு. போன அறுவடையில ஒரு கிழவி அங்கயே உக்காந்து அழுதுச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் உங்க பயிற்சிக்கு நான் முதல் ஆளா வந்தேன்.

— தெரியும்கா. அதனாலதான் உங்களை முன்னோடி விவசாயின்னு போட்டேன். இப்போ ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மீதி மூட்டை எங்க?

— எந்த மீதி?

— விதைக்கும்போது செடிக்கு ஒரு மூடி. முழங்கால் ஒசரம் வந்ததும் இன்னொரு மூடி. உங்க பாதிக்கு அது போதும். மூட்டையில சரிபாதி மிஞ்சணும். அடுத்த விதைப்புக்கு வெச்சுக்கங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? மோட்டார் ரூம்லதானே வெச்சீங்க?

— அங்க எலி இருக்கு மேடம், நீங்க போகாதீங்க.

— எலிக்கு நான் பயப்பட மாட்டேன். வாங்க.

— கதவு கொஞ்சம் இடிக்கும், குனிஞ்சு வாங்க. மேடம், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க...

— எங்க இருக்கு? இந்த மூலையிலயா? அக்கா, இது வெறும் சாக்கு.

— ஆமா.

— மடிச்சு வேற வெச்சிருக்கீங்க.

— காலியான சாக்கை மடிக்காம என்ன பண்றது?

— வித்துட்டீங்களா?

— என்னது?

— ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே ஒருத்தர் எனக்குச் சொன்னாரு. 'உங்க முன்னோடி பாதி மூட்டையை வித்துத் தின்னுட்டா, மோட்டார் ரூம்ல வெறும் சாக்குதான் கிடக்கு'ன்னு. 'அந்தக்கா அப்படிப்பட்டவங்க இல்லை'ன்னு நான் அவர் மூஞ்சிக்கு நேரா சொன்னேன்.

— யாரு அந்த ஒருத்தர்?

— அது இப்போ எதுக்கு?

— தராசுக்காரரா?

— யாரா இருந்தா என்ன? சாக்கு காலி. அவரு சொன்னது சரியாப் போச்சு.

— இருங்க மேடம். இந்த ரூமுக்குப் பூட்டு இருக்கு. சாவி ரெண்டு. ஒண்ணு என் இடுப்புல, இன்னொண்ணு என் வீட்டுக்காரர் பையில. உள்ள சாக்கு காலியா கிடக்கிறது தராசுக்காரருக்கு எப்படித் தெரிஞ்சுது?

— என்ன, ரெண்டு பேரும் சாக்குக்குப் போஸ்ட்மார்ட்டம் பண்றீங்களா?

— வாங்கண்ணே.

— இந்தா வந்துட்டாரு. வர்ற அழகைப் பாருங்க, தோள்ல ஒரு சாக்கு, வாயில ஒரு சிரிப்பு.

— சிரிக்காம என்ன பண்றது? மூடி மேடம், என் பாதியைப் பார்த்தீங்களா? சோடா பாட்டில் மூடி இல்லை, பயிற்சி இல்லை, நோட்டு இல்லை. நின்னு பேசுது பாருங்க. நான் அன்னிக்கே சொன்னேன். மண்ணு பொய் சொல்லாது.

— மண்ணு சொல்லாது. மனுஷங்க சொல்வாங்க. அண்ணே, நீங்க உங்க பாதிக்கு ஏதாவது போட்டீங்களா?

— போட்டேனே. என் வேர்வையைப் போட்டேன்.

— வேர்வை உப்பு. அது பயிருக்கு ஆகாது.

— பார்த்தியாடி, இவங்க வாயை! நான் இப்படி வரப்பு மேல சாக்கை விரிச்சு உக்காந்துக்கறேன், நீங்களும் வெளியே வாங்க. வெயில் ஏறுறதுக்குள்ள விசாரணையை முடிங்க.

— விசாரணை உங்ககிட்டதான். சாக்கு காலின்னு தராசுக்காரர்கிட்ட நீங்கதானே சொன்னீங்க?

— எனக்கென்ன தெரியும்?

— என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க.

— ஏதோ பேச்சுவாக்குல சொல்லியிருப்பேன். சந்தையில நாலு பேரு நாலு பேசும்போது ஒரு வார்த்தை விழுறதுதான். நான் உள்ள மண்வெட்டி எடுக்கப் போனேன், சாக்கு காலியா கிடந்துச்சு. நீ வித்துட்டேன்னு நினைச்சேன்.

— நினைச்சீங்களா?

— பின்னே? அரை மூட்டை உரம் நடந்தா போயிருக்கும்?

— இருபத்திரண்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழ இருக்கோம். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. நேராப் போயி அந்த ஆளுகிட்டச் சொல்லியிருக்கீங்க.

— கேட்டா நீ சொல்லியிருப்பியா?

— மாட்டேன்.

— பார்த்தீங்களா மேடம்? இவளே ஒத்துக்கிட்டா.

— அக்கா, இப்போ சொல்லுங்க. யாருக்கு வித்தீங்க? நான் மேலிடத்துக்கு எழுத மாட்டேன். ஆனா எனக்குத் தெரியணும்.

— விக்கல மேடம். எங்கயும் போகல அது.

— பின்னே எங்க?

— அந்தா நிக்குதே, ஒரு முழம் ஒசரமா. அங்கதான் இருக்கு.

— என்னடி சொல்றே?

— உங்க பாதியிலதான் போட்டேன். நீங்க சந்தைக்குப் போன ரெண்டு வெள்ளிக்கிழமையில. தடவைக்குச் செடிக்கு ஒரு மூடி, வேரை விட்டு நாலு விரல் தள்ளி, மண்ணை மூடி. மேடம் சொல்லிக் குடுத்த மாதிரியேதான்.

— அய்யோ அக்கா! எதுக்கு இந்த வேலை? பயிற்சியில எத்தனை தடவை சொன்னேன்? ஒரு பக்கம் போடணும், ஒரு பக்கம் போடக் கூடாது. அப்பத்தான் பார்க்கிறவங்களுக்கு வித்தியாசம் புரியும்.

— புரிஞ்சுது மேடம். அங்க பெஞ்சுல உக்காந்து கேக்கும்போது எல்லாம் நல்லாத்தான் புரிஞ்சுது. இங்க தினமும் களை எடுக்க வரும்போதுதான் புரிய மாட்டேங்குது. ஒரு பந்தியில ரெண்டு பேரை உக்கார வெச்சு ஒரு இலையில மட்டும் பரிமாறுன மாதிரி இருந்துச்சு. மஞ்சளா நின்னுக்கிட்டு என்னையே பார்த்துச்சு. எத்தனை நாளைக்குத்தான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறது?

— அது பயிருக்கா, அக்கா? பயிரு பார்க்குமா?

— பயிருக்கு மட்டும் இல்லை. நாற்பது பேர் வந்து நின்னு, 'இது பொண்டாட்டி பாதி, இது புருஷன் பாதி'ன்னு கையைக் காட்டிச் சிரிச்சா, அப்புறம் வீட்டுல யாரு இருக்கிறது? பாத்திரம் பறக்கும். சரி, ரெண்டும் சமமா நின்னுட்டா யாருக்கும் தோல்வி இல்லைன்னு நினைச்சேன்.

— எனக்காகப் போட்டியா?

— உங்களுக்காகன்னு யாரு சொன்னா? என் பாத்திரத்துக்காக.

— இரு. நானா தோத்திருப்பேன்? யாரு உன்னைக் கேட்டா? ஊருக்கு முன்னாடி 'என் பாதியில ஒரு பொட்டு வெள்ளை விழக் கூடாது'ன்னு சொன்னவன் நான். என் வாக்கு என்ன ஆச்சு இப்போ?

— அண்ணே, கொஞ்சம் இருங்க. கோவத்தை அப்புறம் வெச்சுக்கலாம். எனக்கு இன்னும் கணக்கு ஒத்து வரலை.

— இன்னும் என்ன மேடம்? நான்தான் ஒத்துக்கிட்டேனே.

— நீங்க ரெண்டு தடவையும் செடிக்கு ஒரு மூடிதான் போட்டீங்க?

— ஒண்ணுதான்.

— சத்தியமா?

— சத்தியம் எதுக்கு, சாக்கையே பாருங்க. பாதி மூட்டைக்கு அவ்வளவுதான் வரும்.

— அப்போ ரெண்டும் சமமா நிக்கணும். இது உங்களோடதைத் தாண்டிப் போயிருக்கு. இலையைப் பாருங்க, பச்சையைத் தாண்டிக் கறுத்துக் கிடக்கு. தண்டை அழுத்திப் பாருங்க.

— மெத்துமெத்துன்னு இருக்கு.

— ஒரு காத்து அடிச்சா படுத்துரும். கதிரை உரிக்கிறேன், ரெண்டு பேரும் பாருங்க. இது உங்க பாதி, அக்கா. முத்து நுனி வரைக்கும் நெருக்கமா இருக்கு, நகம் இறங்கல. இது அண்ணன் பாதி.

— இதுல ஒண்ணுமே இல்லையே! வெறும் பட்டுநூலும் சக்கையும்.

— இலையிலயே எல்லாம் போயிருச்சு. ரெண்டு மூடியில இப்படி ஆகாது. இது நாலு மூடி, அஞ்சு மூடி தின்ன பயிரு. அண்ணே, அந்த மண்வெட்டியைக் கொஞ்சம் குடுங்க.

— எதுக்கு? அறுக்கப் போற நேரத்துல வேரை வெட்டவா?

— மேல் மண்ணைக் கிளறத்தான். ஏன், தோண்டக் கூடாதா?

— தோண்டுங்க, தோண்டுங்க. எனக்கென்ன தெரியும்?

— அக்கா, உங்க கையை நீட்டுங்க. இது என்ன?

— உருண்டை உருண்டையா... உரம் மாதிரிதான் இருக்கு. ஆனா இது சாம்பல் நிறமா இருக்கே மேடம். நீங்க குடுத்தது வெள்ளை.

— அதைத்தான் நானும் சொல்றேன். பத்து நாளா மழை இல்லை, அதனால கரையாம கிடக்கு. நான் இந்த ஊருக்கு சாம்பல் உரம் ஒரு பிடி கூடக் கொண்டு வரலை. அண்ணே, எங்க பார்க்கறீங்க? இங்க பாருங்க.

— ரோட்டுல ஏதோ வண்டிச் சத்தம் கேட்டுச்சு.

— வண்டி பத்து மணிக்குத்தான் வரும். இது யாரு போட்டது?

— இவளா இருக்கும். ஒத்துக்கிட்டாளே.

— என் மேல கை வெச்சுச் சொல்லுங்க பார்ப்போம்.

— சரி. நான்தான்.

— நீங்களா!

— நான்தான் போட்டேன். செவ்வாக்கிழமை ஆனா நீ பயிற்சிக்குன்னு பையைத் தூக்கிட்டுப் போயிருவே. அப்போ வந்து போட்டேன். மூணு தடவை.

— ஒரு பொட்டு விழக் கூடாதுன்னு ஊருல முரசு கொட்டுன வாயி!

— அந்த வாயிதான். அஞ்சு வாரத்துக்கு முன்னாடி இந்த மேடம் வந்து அளந்து நோட்டுல எழுதினாங்களே, 'இடுப்பு', 'முழங்கால்'னு. அன்னிக்குச் சாயங்காலமே சந்தையில எல்லாரும் என்னை 'வாப்பா முழங்கால்'னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு எப்படி இருக்கும்?

— எத்தனை மூடி போட்டீங்கண்ணே?

— மூடியா? மூடியெல்லாம் இவளுக்கு. நான் கைப்பிடி கைப்பிடியா அள்ளி வீசினேன்.

— அதான் தண்டு மெத்துமெத்துன்னு இருக்கு. பயிற்சிக்கு ஒரு நாள் வந்திருந்தா, அளவு மீறினா அதுவே விஷம்னு தெரிஞ்சிருக்கும்.

— அது கிடக்கட்டும் மேடம். இவருக்கு உரம் எங்கிருந்து வந்துச்சு? கடை இருக்கிற ஊருக்குப் போய் வர ஒரு நாள் ஆகும். ஒரு நாள் கூட இவரு வெளியே தங்கலை. சொல்லுங்க, யாரு குடுத்தது?

— யாரோ குடுத்தாங்க.

— யாரோன்னா?

— ஒரு நல்ல மனுஷன். என் மரியாதையைப் பத்தி நினைச்சுப் பார்த்த ஒரே மனுஷன். 'மாப்ளே, பொண்டாட்டிகிட்ட தோத்தவன்னு பேரு வாங்கினா அது காடு வரைக்கும் கூட வரும், இந்தா, யாருக்கும் தெரியாமப் போடு, காசு வேண்டாம்'னு ஒரு மூட்டையைத் தூக்கிக் குடுத்தாரு. உன்னை மாதிரி அவரும் என் தலை குனியக் கூடாதுன்னுதான் பார்த்தாரு.

— மாப்ளேன்னு உங்களைக் கூப்பிடறது இந்த ஊருல ஒருத்தர்தான்.

— ஆமா. தராசுக்காரர்தான். இப்போ என்ன?

— உரம் போட்டா மண்ணு செத்துரும்னு வீட்டுக்கு வீடு சொல்லிட்டுத் திரியறவரா?

— அது வேற.

— எப்படி வேற? அண்ணே, ஒண்ணு ஒண்ணா பார்ப்போம். மண்ணு செத்துரும்னு நம்பறவரு, மாப்ளே மண்ணுல ஒரு மூட்டையைக் கொட்டச் சொல்வாரா?

— சொல்ல மாட்டாரு.

— அப்போ உரம் வேலை செய்யும்னு அவருக்குத் தெரியும்.

— தெரியும் போலத்தான் இருக்கு.

— போடாத பாதி உசந்து நின்னா யாருக்கு லாபம்?

— எனக்குத்தான். என் மானத்துக்கு.

— உங்க மானத்தைத் தராசுல போட்டா எவ்வளவு காட்டும், சொல்லுங்க? அதுவும் எலுமிச்சங்கா எடைதான். ஏங்க, இன்னுமா புரியல? நாற்பது பேரும் இதைப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடாம திரும்பிப் போவாங்க. மில்லுக்காரன் வண்டியைத் திருப்பிருவான். அப்புறம் இந்த வெறுங்கதிரை எல்லாம் நீங்க யாரு வாசல்ல கொண்டு போயி இறக்குவீங்க?

— எத்தனை பிடி போடணும்னு அவருதான் சொன்னாரு.

— எவ்வளவு சொன்னாரு?

— 'அளவு பார்க்காதே மாப்ளே, தாராளமாப் போடு'ன்னு.

— சொல்ல மாட்டாரா பின்னே.

— அந்தப் பத்தொன்பதாம் நம்பர் வீட்டுக்காரன், வாத்தியார் தம்பி, எல்லாரும் கையெழுத்துப் போடறேன்னு சொன்னவங்க. 'முழங்கால் பாதியில என்ன நடக்குதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்கப்பா'ன்னு அவங்களை நிறுத்தி வெச்சதும் அவருதான். நான் பக்கத்துல நின்னு சிரிச்சுட்டு இருந்தேன்.

— அண்ணே, உக்காந்தே இருந்தா எப்படி? எந்திரிங்க. மணி ஆகுது. உண்மையிலயே ஒண்ணும் படாத செடி இந்த வயல்ல ஒண்ணாவது இருக்கா? ஒரே ஒரு செடி?

— இவரு கயித்தோர வரிசையில போட்டிருக்க மாட்டாரு. போட்டா உடனே நான் பார்த்திருவேன்.

— போடலை. நடுவுல கட்டின கயித்துக்கு அடியில ஒரு வரிசை இருக்கே, அது இவளோடதுன்னு விட்டுட்டேன்.

— என்னோடதா? அது உங்களோடதுங்க. நானும் அதுல கை வைக்கலை. கயித்துகிட்ட வந்து தினமும் நின்னு பார்ப்பீங்களே, கண்டுபிடிச்சுருவீங்கன்னு பயம்.

— விலக்குங்க, விலக்குங்க. ரெண்டு பக்கமும் இலை மூடிக் கிடக்கு. அட!

— அய்யோ, பாவம். இது உயிரோடவா இருக்கு?

— இடுப்பு கூட வரலை. கதிரு என் கட்டைவிரல் பருமன். இதுதான் அக்கா உரம் போடாதது. பலகையை இங்கதான் நட்டிருக்கணும்.

— அப்போ இதைக் காட்டிரலாமா மேடம்?

— காட்டலாம். ஆனா ரோட்டுப் பக்கம் ஏன் அப்படி நிக்குதுன்னு முதல் ஆளே கேப்பாரு. நான் பொய் சொல்ல மாட்டேன். யாரு போட்டாங்கன்னு சொல்லித்தான் ஆகணும்.

— நான் போட்டேன்னு சொல்லிருங்க. பாதி நிஜம்தானே?

— சொன்னா என்ன ஆகும் தெரியுமா? 'முன்னோடியே திருட்டுத்தனம் பண்ணியிருக்கா, இவங்களை நம்பி எப்படி விதைக்கிறது'ம்பாங்க. உங்க பேச்சை அப்புறம் ஒரு வீடு கூடக் கேக்காது.

— பரவாயில்லை. இவரு பேரு வெளியே வர வேண்டாம். முழங்கால்னு கூப்பிட்டதுக்கே மூணு நாள் சாப்பிடலை.

— சாப்பிடாததை நீ பார்த்தியா?

— சட்டியில மிஞ்சினது யாரு தலையில விழும்?

— அண்ணே, அந்தச் சாம்பல் உர மூட்டையோட சாக்கு எங்க? அதை எங்க போட்டீங்க?

— இவ்வளவு நேரம் எது மேல உக்காந்திருந்தேன்னு நினைக்கிறீங்க?

— இதுவா! அதே முத்திரைதான், சிவப்பு மையில. அவரு கடை வாசல்ல அடுக்கியிருக்கிற சாக்குல எல்லாம் இதே தராசுப் படம்தான்.

— மேடம், சத்தம் கேக்குது. வந்துட்டாங்க. முன்னாடி வர்றது அந்த ஆளுதான். வெள்ளைச் சட்டையும் குடையுமா, ஏதோ தன் வயலைக் காட்டக் கூட்டிட்டு வர்ற மாதிரி. ஏங்க, நீங்க மோட்டார் ரூம் பக்கம் போயிருங்க. நானும் மேடமும் பேசிக்கறோம்.

— எதுக்குப் போகணும்?

— சொல்றதைக் கேளுங்க. அந்தச் சாக்கை இப்படிக் குடுங்க, ஒளிச்சு வெச்சுரலாம்.

— விடுடி.

— என்ன மாப்ளே! பார்த்தியா, ஊரையே கூட்டிட்டு வந்துட்டேன். மில்லுக்காரரே, கிட்ட வாங்க, நல்லாப் பாருங்க. ரோட்டுல இருந்தே தெரிஞ்சுது, உரம் போடாத பாதிதான் யானை மாதிரி நிக்குது! மாப்ளே, வெக்கப்படாதே. நாற்பது பேரும் கேக்கிற மாதிரி நீ உன் வாயாலயே சொல்லு. அப்படி என்னதான் போட்டே?

— நீங்க குடுத்த உரத்தைத்தான் மாமா. இந்தாங்க, உங்க சாக்கு.